வலி, பத்துக்கு எவ்வளவு?

1

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் எங்கள் தொழிலாளர் விடுதியின் நடையில் துவைத்த சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பல்லடத்திலிருந்து என் மனைவி பூங்கொடி கூப்பிட்டாள். ஞாயிறுகளில் நாங்கள் பேசுவது பதினொரு மணிக்கு. அன்று ஒன்பதரைகூட ஆகவில்லை. நேரம் தவறி வருகிற அழைப்பு எதுவாக இருக்கும் என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஈரக் கையோடு எடுத்தேன்.

“ஏனுங்க, பதறாதீங்க. அண்ணன் வண்டில இருந்து விழுந்துபோட்டாருங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரில சேத்திருக்குது. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க.”

அண்ணன் என்றால் அவளுடைய மூத்த அண்ணன் பழனிச்சாமி. எனக்கு மச்சான், என்னைவிட ஏழு வயது பெரியவர். பல்லடம் சுற்று வட்டாரத்தில் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் போடுவதற்கு முன் பலகையும் முட்டும் அடிப்பது, கான்கிரீட் இறுகியதும் அவற்றைப் பிரிப்பது, இதுதான் முப்பது வருடமாக அவர் தொழில்.

“எப்ப?”

“நேத்து சாயங்காலமுங்க. நிவேதாதான் கூட இருக்குறா. அவ ஹாஸ்டல் பக்கமுங்களே, காந்திபுரத்துல பஸ் மாறி நேத்தே போயிட்டா. நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பிருவாங்களாமா.”

நிவேதா எங்கள் ஒரே மகள். இருபது வயது. கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு வீடியோவில் அழைத்தேன். அவள் முகம் வருவதற்கு முன்பே மச்சானின் குரல் கேட்டது.

“மாப்ளைங்களா? அட, ஏனுங் மாப்ள, ஞாயித்துக்கெழம தூங்காம என்னைப் பாக்க வந்துட்டீங்களா! இங்க கோழிக்கொழம்பெல்லாம் கெடையாதுங். இட்லிதான்.”

அவர் எப்போதும் அப்படித்தான். நான் பேசாதவன். எங்கள் இருபத்திரண்டு வருட உறவில் நான் அவரிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை ‘சாப்டீங்களா’ என்பதாகத்தான் இருக்கும்.

“எப்படிங்க மச்சான் விழுந்தீங்க?”

“ஒரு நாய் குறுக்க வந்துபோட்டுதுங். பிரேக்கைப் புடிச்சேன். அவ்வளவுதான்.”

“வண்டிக்கு என்னாச்சுங்க?”

“வண்டிக்கு ஒரு கீறல் இல்லீங். நாய்க்கும் ஒண்ணுமில்லீங். எனக்குத்தான் இப்புடி.”

நிவேதா சிரித்தாள். அறைக்குள் வேறு யாரோகூடச் சிரித்தார்கள். அவள் போனைத் திருப்பி அவருடைய கால்களைக் காட்டினாள். இரண்டு காலிலும் கணுக்காலுக்கு மேல் வரை வெள்ளைக் கட்டு.

“ரெண்டு குதிகாலும் கிராக்குங்கப்பா” என்றாள்.

நான் அவருடைய முழங்கையைப் பார்த்தேன். தோல் உரியவில்லை. உள்ளங்கையைப் பார்த்தேன். சிராய்ப்பு இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து தார் ரோட்டில் விழுந்தவருக்குக் கையில் ஒரு கோடு இல்லை, ஆனால் இரண்டு குதிகாலும் போயிருக்கின்றன.

“முதுகு எப்படிங்க மச்சான்?”

“கொஞ்சம் புடிச்சாப்ல இருக்குதுங். இந்த பெட்டு செரியில்லீங். நாளைக்குப் போயி நம்ம கட்டல்ல படுத்தாச் செரியாப்போயிரும்.”

சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத் துணியைக் காயப்போடக் கை வரவில்லை. இரண்டு குதிகாலும் ஒன்றாக எப்படி உடையும் என்று எனக்குத் தெரியும். என்னுடையவை அப்படித்தான் உடைந்தன.

2

ஏழு வருடங்களுக்கு முன் நான் இங்கே சாரம் கட்டும் வேலையில் இருந்தேன். நம் ஊரில் சவுக்குக் கம்பும் கயிறும். இங்கே இரும்புக் குழாயும் கிளாம்பும். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். மழை விட்ட ஒரு காலை, இறங்கி வரும்போது, இன்னும் பத்தடிதானே என்று இரண்டையும் கழற்றிவிட்டேன். ஈரக் குழாயில் கால் வழுக்கியது. நேராக நின்ற மேனிக்குக் கீழே வந்தேன். குதிகால் இரண்டும் சிமென்ட் தரையில் இறங்கின.

முதலில் ஓடி வந்தவர் எங்கள் சூப்பர்வைசர் சுப்பிரமணியண்ணன். காங்கேயம் பக்கத்துக்காரர். என்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். மூன்று நாளில் அவருக்கு விமானம், மகள் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையை முந்தின நாள்தான் எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.

“ஓகேவாடா? ஓகேவா?” என்றார்.

“ஓகேங்கண்ணா. ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

வெளிநாட்டுக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை ஓகே. புரிந்தாலும் ஓகே, புரியாவிட்டாலும் ஓகே. அன்று எழுந்து நிற்க முடியாமல் தரையில் கிடந்துகொண்டும் அதையே சொன்னேன்.

கிளினிக்குக்குப் போகும் வண்டியில் எனக்கு ஒரே யோசனைதான். சைட்டில் ஆள் விழுந்தான் என்றால் விசாரணை வரும். சூப்பர்வைசரை ஊருக்கு விடமாட்டார்கள். மணமேடையில் பெண்ணின் அப்பா இருக்கமாட்டார். அதற்கு நான் காரணமாகிவிடுவேன். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. சாடையாகக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் எங்கே விழுந்தாய் என்று கேட்டபோது, ரூமில், பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று நானாகச் சொன்னேன். எங்கள் பக்கத்து மரியாதை அது. அடுத்தவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்றால் எலும்பு உடைந்ததைக்கூட மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம்.

டாக்டர் சீனர். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அட்டையைக் காட்டினார். ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள். கீழே சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை படங்கள்.

“அண்ணே, வலி பத்துக்கு எவ்வளவு?”

“ரெண்டு இருக்குமுங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “ரெண்டா? உங்க மூஞ்சி ஒன்பதுக்குக் கீழ இருக்கிற படம் மாதிரி இருக்கே.”

“ரெண்டுதானுங்க.”

டாக்டர் ரெண்டு என்று எழுதினார். பாத்ரூம் என்று எழுதினார். பாத்ரூமில் வழுக்கியவனுக்குப் பார்க்க வேண்டிய காலைப் பார்த்துக் கட்டுப்போட்டு அனுப்பினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன விபத்துக்கு அவர் சரியாகத்தான் வைத்தியம் செய்தார்.

பத்து நாள் கழித்து என் இடது கால் மரத்துப்போனது. படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் நீ விழுந்தாயா என்று கேட்கவில்லை. எத்தனை மீட்டரிலிருந்து விழுந்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து ஒரு மனிதனை வரைந்தார். குதிகாலில் ஒரு கோடு போட்டு, அதைக் கால் வழியாக மேலே இழுத்து, இடுப்புக்கு மேல் ஒரு புள்ளியில் நிறுத்தினார். உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தால் அடி குதிகாலோடு நிற்காமல் முதுகெலும்பு வரை ஏறலாம். அதனால் முதுகையும் பார்க்க வேண்டும். என் முதுகெலும்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் கட்டைகளில் ஒன்று நசுங்கியிருந்தது. பத்து நாளாக அதை வைத்துக்கொண்டு நான் கட்டிலில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து சுப்பிரமணியண்ணன் லட்டு டப்பாவோடு நேராக என் படுக்கைக்கு வந்தார். டாக்டரிடம் நான் பாத்ரூம் என்று சொன்னது தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“எனக்காகவாடா சொன்னே?”

நான் லட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணாலத்தை என்ற பொண்டாட்டி நடத்திப்போட்டிருப்பாடா. பத்து ஆளை வெச்சு வேல வாங்கறவ அவ. உன்ற முதுகை யாருடா நடத்தறது?”

மறுநாளே என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் லேசில் முடியவில்லை. முதல் தாளில் நான் எழுதவைத்தது ஒரு வார்த்தை. அதை மாற்ற எத்தனை தாள் எழுதினோம் என்று நினைவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எண் அச்சடித்த சீட்டை எடுத்துக்கொண்டு காத்திருந்து, முறை வந்ததும் அதே கேள்வி: அப்படியென்றால் அன்றைக்கு ஏன் பாத்ரூம் என்று சொன்னாய்? போனில் மொழிபெயர்த்த ஒரு அம்மா கடைசியில் சலித்துப்போய், “தம்பி, இவங்களுக்கு ‘மரியாதைக்காக’ன்னு எப்படிச் சொல்றது? நீங்களே ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

3

அலுவலகங்களில் திருத்திவிட்டேன். வீட்டில் திருத்தவில்லை.

விழுந்த அன்று பூங்கொடியிடமும் பாத்ரூம் என்றுதான் சொல்லியிருந்தேன். பிறகு உண்மையைச் சொன்னால், போதும் வந்துவிடுங்கள் என்பாள் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி அது அப்படியே நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்து என்னைக் கருவிகள் கொடுக்கும் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இனிமேல் சாரம் ஏற முடியாது என்பதால் கொடுத்த இடம். வீட்டில் அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

நிவேதாவுக்கு அப்போது பதிமூன்று வயது. அன்றிலிருந்து போனை வைக்கும்போதெல்லாம், “பாத்ரூம்ல பாத்து நடங்கப்பா” என்பாள். ஒருமுறை விடுமுறைக்குப் போனபோது, எங்கள் வீட்டுப் பாத்ரூமில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு போட்டிருந்தாள். பெட்டியில் எனக்குக் கொடுத்தனுப்ப இன்னொன்று சுருட்டி வைத்திருந்தாள். அது இன்றும் இங்கே என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நூறு பேர் குளிக்கும் இடத்தில் அதை எங்கே போடுவது.

கல்லூரிக்குப் போன பிறகு அவள் பேச்சு குறைந்துவிட்டது. நான் நீளமாகக் குரல் பதிவு அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். சாப்பிட்டாயா என்றால் ம். படிப்பு எப்படி என்றால் போகுதுங்கப்பா. பக்கத்தில் தோழிகளோடு இங்கிலீஷில் கலகலவென்று பேசுவது கேட்கும். என்னிடம் வரும்போது அந்தக் குரல் அணைந்துவிடும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வருடமாகப் போனுக்குள் இருக்கும் அப்பாவிடம் ஒரு பிள்ளை எவ்வளவுதான் பேசும். ஆனால் வைக்கும்போது அந்த ஒரு வரி மட்டும் தவறாது. பாத்ரூம்ல பாத்து நடங்கப்பா. எங்களுக்குள் மிச்சமிருந்த கயிறு அது ஒன்றுதான். அது ஒரு பொய்யில் கட்டப்பட்டிருந்தது.

4

மச்சானை மறுநாள் காரில் உட்காரவைத்துப் பல்லடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தார்கள். அந்தப் படம் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது: குதிகாலில் ஒரு கோடு, இடுப்பில் ஒரு புள்ளி. மேடும் பள்ளமுமான ரோட்டில் முதுகு நசுங்கிய மனிதரை உட்காரவைத்து ஓட்டினால் என்ன ஆகும்? மத்தியானம் மறுபடி அழைத்தேன். நிவேதாவை இட்லி வாங்க அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று பார்த்தேன். போனைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. கட்டிலின் ஓரத்தில் அவளே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மச்சான், நீங்க வண்டில இருந்து விழுகலீங்க” என்றேன்.

“இதென்னுங் மாப்ள, நாய்கிட்ட கேட்டீங்களா?”

“எந்தக் கட்டடத்துல இருந்து விழுந்தீங்க?”

அவர் சிரித்த முகம் அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் போய்விட்டது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங் மாப்ள. அந்தக் கோழிப்பண்ணைக்காரங்க புது ஊடுங். போர்டிகோ சென்ட்ரிங் பிரிக்கறப்ப முட்டு உருவிக்கிச்சு. அவிங்களுக்கு இன்னும் தெரியாதுங். அடுத்த மாசம் பால் காச்சறாங். ஆளு விழுந்த ஊடுன்னு ஒருத்தன் வாயில வந்துட்டா, அப்பறம் காலத்துக்கும் அந்த ஊட்டுக்கு அதாங் பேரு. அந்தம்மா அன்னாடும் அவங்க கையால டீ போட்டுக் குடுத்துச்சுங். எனக்குச் சக்கர இல்லாம தனியா ஒரு டம்ளரு. அவிங்க குடி போற ஊட்டுக்கு நான் இப்புடி ஒரு பேரை வாங்கிக் குடுக்கறதா?”

“பேரு கெடக்கட்டுமுங்க மச்சான். டாக்டருகிட்ட மேல இருந்து விழுந்தேன்னு சொல்லுங்க. முதுகைப் படம் எடுக்கோணுமுங்க.”

“காலுதானுங் ஒடஞ்சுது. முதுகை எதுக்குங்?”

“உயரத்துல இருந்து விழுந்தா முதுகுக்கு ஏறுமுங்க.”

“உங்களுக்கெப்படிங் மாப்ள தெரியும்?” என்றார். எகத்தாளமாகச் சொல்லவில்லை; அப்பாவியாகத்தான் கேட்டார். “நீங்க பாத்ரூம்லதானுங்களே விழுந்தீங்க?”

திரையின் ஓரத்தில் நிவேதாவின் கட்டைவிரல் தெரிந்தது. சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்த நகம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“நான் பாத்ரூம்ல விழுகலீங்க மச்சான். சைட்டுல, சாரத்துல இருந்து விழுந்தேனுங்க. பத்தடி. உங்களை மாதிரியே ரெண்டு குதிகாலு. உங்களை மாதிரியே இன்னொருத்தர் ஊட்டு விசேஷத்துக்காகப் பொய் சொன்னேன். முதுகுல ஒரு கட்டை நசுங்கிப் பத்து நாளாத் தெரியாமக் கெடந்தேனுங்க. அதுக்கப்பறந்தான் ஸ்டோரு. பிரமோசனெல்லாம் இல்லீங்க.”

திரை ஆடியது. பிறகு ஆஸ்பத்திரியின் மின்விசிறி தெரிந்தது. போன் படுக்கையில் மல்லாந்து விழுந்திருந்தது. நானாக வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது நிவேதாவின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

“மாமா, எத்தனை அடிங் மாமா?”

கட்டில் கிறீச்சிட்டது.

“பதினொண்ணு இருக்கும் கண்ணு.”

“அசையாமப் படுங்க. எந்திரிக்கவே கூடாது. நான் டாக்டரைக் கூட்டியாறேன்.”

அவளுடைய செருப்புச் சத்தம் விலகிப் போனது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் நானும் அந்த ஊரில் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மாப்ள, இருக்கீங்களா?”

“இருக்கேனுங்க.”

“வலிக்குதுங் மாப்ள” என்றார்.

நேற்றிலிருந்து அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெரியுமுங்க மச்சான் என்றேன். டாக்டர் வரும்வரை போனை வைக்கவில்லை.

5

அன்று சாயங்காலமே படம் எடுத்தார்கள். மச்சானுக்கும் ஒரு கட்டையில் விரிசல். நரம்பு தப்பித்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டுப் படுக்கை, ஆனால் இந்த நிலையில் காரில் உட்காரவைக்கவே கூடாது என்றார் டாக்டர். பதிவேட்டில் மொபெட் என்று இருந்ததை அடித்துவிட முடியாது. கீழே புதிதாக, வேலையிடத்தில் பதினோரு அடியிலிருந்து விழுந்தது என்று எழுதிக்கொண்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர், “அந்த நாய் எங்கய்யா?” என்று கேட்டாராம்.

மூன்றாம் நாள் பண்ணைக்காரர் வீட்டு அம்மா வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் மச்சான் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாராம். பூங்கொடி அங்கே இருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“ஏனுங்க மேஸ்திரி, எந்திரிச்சுப் பாருங்க. இல்லீங்க, எந்திரிக்காதீங்க, பாருங்க மட்டும்” என்றாராம் அந்த அம்மா. “எங்கூட்டுச் சகுனத்துக்கு உங்க முதுகைக் குடுப்பீங்களா? அது தெரியாம நாங்க அங்க பால் காச்சியிருந்தா பின்னாடி தெரியறப்ப அந்தப் பாலு எங்களுக்கு எறங்குமுங்களா? தேதியைத் தள்ளி வெச்சாச்சு. நீங்க நடந்து வாங்க, அப்பறம் பாத்துக்கலாம்.”

“எனக்காக வேண்டாமுங்கம்மா.”

“உங்களுக்காக ஆரு சொன்னா? பாதி சென்ட்ரிங் அப்படியே நிக்குது. உங்காளுக நீங்க வந்து சொல்லாமப் பிரிக்க மாட்டோம்கறானுக.”

நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் இங்கேயும் வளைகுடாவிலும் கட்டடங்களில் ஏறுகிறார்கள். ஊரிலேயே ஏறுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்காக, நான் பிந்திக் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். விழுந்தால் உடனே எழுந்து நடந்து காட்டாதீர்கள். நாம் எல்லோரும் செய்யும் முதல் காரியம் அதுதான். பார்க்கிறவர்கள் பதறக்கூடாது என்று எழுந்து சட்டையைத் தட்டிவிடுவோம். படுத்திருங்கள். பலகையில் வைத்து அலுங்காமல் தூக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் எங்கே, எத்தனை அடி, எதன்மேல், உடம்பின் எந்தப் பக்கம் முதலில் பட்டது என்று சொல்லுங்கள். வலிக்கும் இடத்தோடு நிறுத்தாமல் தலை, கழுத்து, முதுகு, வயிறு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது அடிபட்டது என்று முதல் தாளிலேயே எழுதச் செய்யுங்கள். வேலை கொடுத்தவருக்கு அன்றைக்கே தெரிவியுங்கள், போனில் ஒரு செய்தியாவது எழுத்தில் இருக்கட்டும். விழுந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் யாராவது படம் எடுக்கட்டும். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பெயரைக் குறித்துவையுங்கள். மருந்துச் சீட்டு முதல் எந்தத் தாளையும் தூக்கிப்போடாதீர்கள். படிக்கத் தெரியாத மொழியில் எதை நீட்டினாலும், படித்துச் சொல்ல ஆள் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்குத்தான் இத்தனை வருடம் ஆனது.

வீட்டிலும் உண்மையைச் சொல்லுங்கள். பூங்கொடியிடம் அந்த ஞாயிறு இரவே எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்குத் தெரியுமுங்க.”

“எப்படி?”

“சுப்பிரமணியண்ணன் சம்சாரம் அந்த வருசமே ஊட்டுக்கு வந்து அழுதுட்டுப் போச்சு.”

“அப்பறம் ஏன் நீ கேக்கலே?”

“நீங்களாச் சொல்லாததை நான் எப்படிங்க கேக்கறது?”

மரியாதை எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் இருந்திருக்கிறது.

6

நிவேதா அதன் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நான் அனுப்பியவற்றுக்குக் கட்டைவிரல்கூட வரவில்லை. மாமாவோடு இருந்தாள், கல்லூரிக்குப் போனாள், அம்மாவிடம் பேசினாள். நான் தினமும் வேலை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். கட்டிலுக்கு அடியில் அந்த ரப்பர் விரிப்பு இருக்கும்.

பத்தாம் நாள் அவளே அழைத்தாள். ஹாஸ்டல் மொட்டை மாடி. பின்னால் காற்றுச் சத்தம்.

“ஏழு வருசமா நான் சொல்லிட்டே இருந்தேன்லங்கப்பா. பாத்ரூம்ல பாத்து நடங்கன்னு.”

“ஆமா கண்ணு.”

“நீங்களும் செரி கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தீங்க.”

“ஆமா.”

“எனக்கு எப்படி இருக்கும்? ஸ்கூல்ல இருக்கறப்ப, நைட்டு உங்களுக்குப் பாத்ரூம் போறாப்ல இருக்குமோன்னு நெனச்சுத் தூங்காம இருந்திருக்கறேன். நீங்க முதுகு நசுங்கிப் படுத்துக் கெடந்திருக்கீங்க.”

நான் அழுதேன். அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. தப்புதான் கண்ணு என்றேன். பதினெட்டு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் போனை வைக்காமல் இருந்ததில்லை. அந்தத் தமிழ் நர்சைப் பற்றியும், முகங்கள் வரைந்த அட்டையைப் பற்றியும், ரெண்டு என்று நான் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். ரெண்டா என்று அவளும் அதே மாதிரி கேட்டாள்.

“நெஜமா எவ்வளவுங்கப்பா?”

“அன்னைக்கு ஒம்பது.”

“இப்ப?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒண்ணுமில்லை கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து, முதுகைச் சுவரிலிருந்து எடுத்து நேராக உட்கார்ந்து பார்த்தேன்.

“சும்மா இருந்தா ரெண்டு. மழை பேஞ்சா, பாரம் தூக்குனா நாலு.”

“நாலுக்கு என்ன பண்ணுவீங்க?”

“வெந்நி ஒத்தடம் குடுப்பேன்.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

“இல்லை.”

“வர்ற சனிக்கிழமை பாத்துட்டுச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றாள். மாமாவிடம் எந்திரிக்கக் கூடாது என்று சொன்ன அதே குரல். போய்ப் பார்த்தேன். சீட்டை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

மச்சான் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். பால் காய்ச்சத் தை மாதத்தில் நாள் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை எனக்கு அழைக்கிறார். “மாப்ள, ஆறுங்” என்பார். “மாப்ள, இன்னைக்கு அஞ்சுதானுங்” என்பார். சாப்பாட்டைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

நிவேதா இப்போது போனை வைக்கும்போது பாத்ரூமைப் பற்றிச் சொல்வதில்லை. எடுத்தவுடன் கேட்கிறாள், இன்னைக்கு எவ்வளவுங்கப்பா என்று. நேற்று இங்கே நாள் முழுக்க மழை. ஸ்டோரில் கிளாம்புப் பெட்டிகளை இடம் மாற்றினோம்.

“மூணு கண்ணு” என்றேன்.

மூன்றுதான் இருந்தது.